மீன் விழுங்கினால் ஆஸ்துமா தீருமா?

ஆண்டுதோறும் ஜூன் முதல் வாரம் பிறந்துவிட்டால், பெங்களூரிலிருந்து ஐதராபாத்துக்குப் போகும் ரயில்களிலும் பஸ்களிலும் ஒரு தனிவகைப் பயணிகளைக் காணலாம். கையில் வெந்நீர் ஃபிளாஸ்க், கழுத்தில் மஃப்ளர், நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கும் உடம்பு. சிலர் முதியவர்கள். சிலர் தாயின் தோளில் சாய்ந்து வரும் பள்ளிச் சிறுவர்கள். உயிருள்ள மீன் ஒன்றை விழுங்கினால் ஆஸ்துமா தீரும் என்ற நம்பிக்கையில் புறப்பட்டவர்கள் இவர்கள்.

சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், அல்சூர், கோலார் தங்கவயல் என்று தமிழர்கள் வாழும் பகுதிகளிலும் இந்த வைத்தியத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 'போய்விட்டு வந்தவர்' என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட அக்கம்பக்கத்தில் யாராவது இருப்பார்கள். போகலாமா, வேண்டாமா? போனால் நன்மை உண்டா? இந்தக் கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டால் யாருக்கும் பயனில்லை. ஏனென்றால் ஆபத்து மீனில் இல்லை. வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது.

விராலின் வாயில் மருந்து

ஐதராபாத் பழைய நகரத்தைச் சேர்ந்த பத்தினி கௌட் குடும்பத்தார்தான் இந்த வைத்தியத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றனர். 1845-ஆம் ஆண்டில் தங்கள் முன்னோரான வீரண்ண கௌடுக்கு ஒரு சாது இந்த ரகசியத்தை உபதேசித்தார் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. மருந்துக்குக் காசு வாங்கக் கூடாது, செய்முறையை வெளியே சொல்லக் கூடாது என்பவை அவர் விதித்த நிபந்தனைகளாம். இன்றுவரை மருந்துக்கு அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. மீனை மட்டும் நோயாளி விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

மிருகசீரிஷ கார்த்தி தொடங்கும் நாளில், அதாவது ஜூன் 7, 8 தேதிகளையொட்டி, மருந்து கொடுப்பது வழக்கம். இரண்டு மூன்று அங்குல நீளமுள்ள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிறப் பசை ஒன்றை வைப்பார்கள். நோயாளி தலையை அண்ணாந்து வாயைத் திறக்க, துள்ளும் மீன் தொண்டைக்குள் இறங்கிவிடும். மீன் நெளிந்து செல்லும்போது சளியை அகற்றிக்கொண்டு போகிறது என்பது கொடுப்பவர்கள் தரும் விளக்கம். சைவர்களுக்கு வெல்லத்தில் வைத்துக் கொடுப்பதும் உண்டு. 45 நாள் பத்தியம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வந்து விழுங்க வேண்டும்.

முன்பு அவர்களுடைய தூத்பௌலி வீட்டிலேயே நடந்து வந்த இந்த நிகழ்ச்சி, கூட்டம் பெருகியதால் திறந்த மைதானங்களுக்கு மாறியது. நாம்பள்ளி கண்காட்சி மைதானம் இப்போது பெயர் பெற்ற இடமாகிவிட்டது. வடநாட்டிலிருந்தெல்லாம் மக்கள் வருகிறார்கள். அரசாங்கமே மீன், குடிநீர், பஸ், போலீஸ் ஏற்பாடுகளைச் செய்து தருகிறது. 2012-இல் காட்டேதான் பகுதியில் நடந்தபோது நெரிசலில் ஓர் உயிர் பலியானது. கொரோனா காரணமாக 2020 முதல் 2022 வரை மூன்று ஆண்டுகள் நிறுத்தப்பட்டு, 2023-இல் மறுபடி தொடங்கியது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. ஜன விஞ்ஞான வேதிகா போன்ற அறிவியல் இயக்கத்தினர் பல ஆண்டுகளாகக் கண்டனம் தெரிவித்து வந்தனர். விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. 'மீன் மருந்து' என்று வழங்கிய பெயர், பிற்பாடு 'மீன் பிரசாதம்' என்று மாறியது. இந்தப் பெயர் மாற்றத்தை நோயாளிகள் கவனிக்க வேண்டும். மருந்து என்றால், அது நோயைத் தீர்க்கிறதா என்று சோதித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு வந்துவிடும். பிரசாதத்துக்கு அந்தப் பொறுப்பு இல்லை. நம் நாட்டு மருந்துச் சட்ட விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் உள்ள நோய்களைத் தீர்த்து வைப்பதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆஸ்துமாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

பெங்களூரும் இழுப்பும்

பெங்களூர்க்காரர்கள் இவ்வளவு தூரம் போவதற்குக் காரணம் இருக்கிறது. 'தோட்ட நகரம்' என்று பெயர் பெற்ற இந்த ஊர், மூச்சிரைப்பு நோய்க்கும் பெயர் பெற்றுவிட்டது. இங்கு டாக்டர் எச். பரமேஷ் 18 வயதுக்குட்பட்ட 20,000 குழந்தைகளை வைத்து நடத்திய ஆஸ்பத்திரி ஆய்வு பல ஆண்டுகள் நீடித்தது. 1979-இல் 9 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா காணப்பட்டது. 1989-இல் அது 18.5 சதவீதம். 1999-இல் 29.5 சதவீதம்! ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளின் கணக்கு இது என்பதால், ஊர் முழுவதற்கும் இதே விகிதம் என்று கொள்ள முடியாது. ஆனாலும் இருபதே ஆண்டுகளில் மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. வாகனப் புகை, கட்டட வேலைத் தூசி, மகரந்தம், குளிர்ந்த காற்று எல்லாம் சேர்ந்து மூச்சுக் குழாயை வாட்டுகின்றன.

நோய் ஒருபுறம் இருக்க, மருந்தைப் பற்றிய பயம் இன்னொருபுறம். இப்படி ஒரு பேச்சைப் பல வீடுகளில் கேட்கலாம்.

"அந்த பஃப்பை மட்டும் பிள்ளைக்குப் பழக்காதேம்மா. பழகிட்டா ஆயுசுக்கும் விடாது" என்பார் மாமியார்.

"டாக்டர்தான் தினமும் ரெண்டு வேளை இழுக்கச் சொல்லியிருக்கார், அத்தை" என்பாள் மருமகள்.

"டாக்டர் சொல்லுவார். மூணு வருஷம் ஐதராபாத் போயிட்டு வந்தா தீர்ந்து போற விஷயத்துக்கு வாழ்நாள் பூரா எதுக்கும்மா மருந்து?"

இதில் மாமியாரைக் குறை சொல்லிப் பயனில்லை. 'தீரும்' என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை. 'கட்டுக்குள் வைக்கலாம்' என்றுதான் சொல்கிறார். தீரும் என்று சொல்பவரிடம் மனம் போவது இயற்கை.

மீன் போகும் வழி வேறு

ஆஸ்துமா என்பது நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுபோகும் சிறு குழாய்களின் நோய். குழாயின் உட்சுவர் எப்போதும் ஓரளவு வீங்கிச் சிவந்திருக்கும். தூசியோ புகையோ சளிக் காய்ச்சலோ பட்டால் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, கெட்டியான சளி ஊறுகிறது, வழி குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று போகும்போது எழும் சத்தம்தான் 'விசில்' போலக் கேட்கும் இழுப்பு.

விழுங்கிய மீன் இந்தக் குழாய்களுக்குப் போவதில்லை. தொண்டையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. முன்னால் இருப்பது மூச்சுக் குழாய்; பின்னால் இருப்பது உணவுக் குழாய். விழுங்கும்போது மூச்சுக் குழாயின் வாய் மூடிக்கொள்ளும். ஆகவே மீன் நேராக இரைப்பைக்குப் போய், மற்ற உணவைப் போலச் செரித்துவிடும். தப்பித் தவறி மூச்சுக் குழாய்க்குள் போனால் சளி அகலாது, மூச்சு அடைத்துவிடும். வாயில் வைத்த பசையில் ஏதேனும் சக்தி இருந்தால் அது இரத்தத்தில் கலந்துதான் நுரையீரலை அடைய வேண்டும். அந்தப் பசையில் இருப்பது என்ன என்பது குடும்ப ரகசியம். அது ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்பதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை.

அப்படியானால் குணமானவர்கள் பொய் சொல்கிறார்களா?

இல்லை. அவர்களில் பெரும்பாலோர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு நிம்மதி கிடைத்தது நிஜம். அதற்குக் காரணம் மீன்தானா என்பதே கேள்வி.

ஆஸ்துமா ஏறி இறங்கும் நோய். மிகவும் மோசமான காலத்தில்தான் மனிதன் புது வைத்தியம் தேடி ஓடுகிறான். அதற்குப் பிறகு எது செய்தாலும், செய்யாவிட்டாலும், கொஞ்சம் தணிவது இந்த நோயின் இயல்பு. அடுத்து, பத்தியம். 45 நாள் சிகரெட்டைத் தொடாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் யாருக்கும் உடம்பு தேறும். மூன்றாவதாக, குழந்தைகள். சிறு வயதில் இழுப்பு உள்ள பிள்ளைகளில் பலருக்கு வளர்ந்து பெரியவர்களாகும்போது தானாகவே குறைந்துவிடுகிறது. ஒன்பது வயதில் தொடங்கி மூன்று ஆண்டு மீன் விழுங்கிய பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நோய் தானாகக் குறையும் வயதும் அதுதான்!

எல்லாவற்றையும்விடப் பெரியது நான்காவது காரணம். அதை 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி தெளிவாகக் காட்டியது. சுமார் நாற்பது ஆஸ்துமா நோயாளிகளை வைத்து, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாட்களில் நான்கு விதமாகச் செய்து பார்த்தார்கள். ஒரு நாள் சால்பூட்டமால் மருந்துள்ள உண்மையான இன்ஹேலர். ஒரு நாள் மருந்தே இல்லாத போலி இன்ஹேலர். ஒரு நாள் போலி அக்குபங்சர். ஒரு நாள் ஒன்றுமே செய்யாமல் வெறுமனே உட்கார வைத்தல்.

பிறகு 'எவ்வளவு சுகம் தெரிகிறது?' என்று கேட்டார்கள். உண்மையான மருந்துக்கு 50 சதவீத முன்னேற்றம் என்றார்கள். போலி இன்ஹேலருக்கு 45 சதவீதம். போலி அக்குபங்சருக்கு 46 சதவீதம். ஒன்றும் செய்யாதபோது 21 சதவீதம். ஆக, மருந்தும் போலியும் நோயாளியின் மனதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்!

ஆனால் அதே நேரத்தில் அவர்களைக் கருவியில் ஊதச் சொல்லி மூச்சையும் அளந்தார்கள். உண்மையான மருந்துக்கு மூச்சின் வேகம் 20 சதவீதம் கூடியது. மற்ற மூன்றிலும் சுமார் 7 சதவீதமே கூடியது. சுகமாக இருக்கிறது என்று சொன்ன அந்த நிமிடத்திலேயே குழாய்கள் பழையபடி குறுகியே இருந்தன.

மீன் வைத்தியத்தைப் பற்றி மட்டுமல்ல, ஆஸ்துமாவுக்கான எந்த மாற்று வைத்தியத்தைப் பற்றியும் நோயாளி தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி இதுதான்: மனதுக்குத் தெரியும் சுகம் வேறு, குழாய் திறப்பது வேறு.

உயிருக்கு உலை வைப்பது எது?

மனதில் சுகம் வந்ததும் நோயாளி செய்யும் முதல் காரியம், இன்ஹேலரைத் தூக்கி அலமாரியில் போடுவது. 'பத்தியத்தின்போது இங்கிலீஷ் மருந்து கூடாது' என்று பக்கத்தில் யாராவது சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். சில வாரங்கள் ஒன்றும் தெரியாது. உள்ளே வீக்கம் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். ஒரு மழைக் குளிர் இரவில், ஒரு சளிக் காய்ச்சலில், குழாய்கள் சட்டென்று மூடும். வீட்டில் மருந்து இருக்காது. அல்லது காலாவதியாகிப் போயிருக்கும்.

2019-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச் சுமை மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஆஸ்துமா நோயாளிகள் சுமார் 3.4 கோடிப் பேர். உலக நோயாளிகளில் இது ஏறக்குறைய 13 சதவீதம். ஆனால் ஆஸ்துமாவால் உலகில் ஏற்படும் மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இங்கே நிகழ்கின்றன. நம் நாட்டு ஆஸ்துமா மட்டும் கொடியது என்று இதற்கு அர்த்தமில்லை. நோய் கண்டுபிடிக்கப்படாததும், தினசரி மருந்து இழுக்காததும், பாதியில் நிறுத்துவதுமே முக்கியக் காரணங்கள்.

இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஒரு சிறு கணக்கைப் பார்த்தாலே புரியும். சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரில் ஒருமுறை இழுத்தால் உள்ளே போவது 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரை, நாற்பது இழுப்புக்குச் சமம்! மாத்திரை உடம்பு முழுவதும் சுற்றி, கையை நடுங்கவைத்து, நெஞ்சைப் படபடக்கவைத்த பிறகு நுரையீரலுக்கு வருகிறது. இன்ஹேலர் நேரே போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. 'பஃப் கடைசி மருந்து' என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்ஹேலரிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, இழுப்பு வந்தால் உடனே குழாயைத் திறக்கும் மருந்து. மற்றொன்று, வீக்கத்தைத் தணிக்கும் தடுப்பு மருந்து. முதல் வகையை மட்டும் தேவைப்படும்போது இழுத்துக்கொண்டு காலம் தள்ளுவது சரியல்ல என்று உலக ஆஸ்துமா நிபுணர் குழு 2019-இல் தன் வழிகாட்டுதலை மாற்றியது. வீக்கத்தைத் தணிக்கும் மருந்து இல்லாமல் சிகிச்சை முழுமையாகாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பெயர் தெரியாத பொடி, லேகியம், சூரணம் எதையாவது சாப்பிட்டு இரண்டே நாளில் இழுப்பு மாயமாக மறைந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்பட வேண்டும். சில போலி வைத்தியர்கள் இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்து தருவது பல முறை பிடிபட்டிருக்கிறது. முகம் உப்பும், பசி எடுக்கும், எடை ஏறும். ஆள் தேறிவிட்டான் என்று வீட்டார் நினைப்பார்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறி, எலும்பு வலுவிழந்த பிறகுதான் உண்மை தெரியும். அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் காட்டித்தான் குறைக்க வேண்டும்.

நாட்டு மருந்தெல்லாம் வீணா?

அப்படிச் சொல்வது வரலாற்றை மறப்பதாகும். இன்றைய ஆஸ்துமா மருந்துகள் பலவற்றின் பாட்டன் பூட்டன்கள் செடி கொடிகளே.

நம் ஊர் வேலியோரத்தில் வளரும் ஊமத்தையை எடுத்துக்கொள்வோம். அதன் புகையை இழுத்தால் மூச்சிரைப்பு தணியும் என்பது இந்தியாவில் பழங்காலம் முதல் தெரிந்த சங்கதி. சென்னையில் கம்பெனி மருத்துவத் துறைத் தலைவராக இருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன், ஜெனரல் ஜென்ட் என்ற படைத் தலைவருக்கு இந்தப் புகையைச் சிபாரிசு செய்தார். ஜென்ட் அதை 1802-இல் இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் ஊமத்தைச் சுருட்டு பரவிற்று. ஆனால் ஊமத்தை விஷம். அளவு தப்பினால் புத்தி பேதலிக்கும், உயிரும் போகும். அதில் உள்ள சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் தீங்கு குறைந்த 'இப்ராட்ரோபியம்' என்ற மருந்தைச் செய்தார்கள். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் நெபுலைசரில் வைக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைக்கும் விஷப் பரீட்சை இனி யாருக்கும் தேவையில்லை.

பாட்டிமார் இருமலுக்குக் கஷாயம் வைக்கும் ஆடாதோடையின் கதையும் இதுவே. அதில் உள்ள 'வாசிசின்' என்ற பொருளை முன்மாதிரியாக வைத்து 1960-களில் உருவானது, சளியை இளக்கும் 'புரோம்ஹெக்சின்'.

மேல் நாட்டிலும் ஒரு சுவையான நிகழ்ச்சி உண்டு. ரோஜர் ஆல்டூன்யன் என்ற டாக்டருக்குத் தமக்கே ஆஸ்துமா. எகிப்து பக்கத்தில் நாட்டு மருந்தாக வழங்கிய கெல்லா என்ற செடியின் சத்திலிருந்து செய்த நூற்றுக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாகத் தம் மீதே சோதித்தார். தமக்கு ஒத்துக்கொள்ளாத கினிப் பன்றி முடியின் சாரத்தை வேண்டுமென்றே இழுத்து, இழுப்பை வரவழைத்துக்கொண்டு, எந்தப் பொருள் அதைத் தடுக்கிறது என்று பார்த்தார். 1960-களில் 'குரோமோகிளைகேட்' என்ற மருந்து அப்படித்தான் பிறந்தது. அவர் 'எனக்குச் சுகமாக இருக்கிறது' என்று எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தம் மூச்சைக் கருவியில் ஊதி அளந்தார். அந்த அளவுதான் அவருக்கு வழிகாட்டியது.

பெங்களூரிலேயே நடந்த சோதனை

மாற்று வைத்தியத்தை நேர்மையாகச் சோதிக்க முடியும் என்பதற்கு உதாரணம் பெங்களூரிலேயே இருக்கிறது. இங்குள்ள விவேகானந்த கேந்திர யோக சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நாகரத்னாவும் நாகேந்திராவும் 53 ஆஸ்துமா நோயாளிகளுக்கு இரண்டு வாரம் யோகப் பயிற்சி கொடுத்தார்கள். சூரிய நமஸ்காரம், ஆசனம், பிராணாயாமம், தியானம் எல்லாம் சேர்த்துத் தினமும் 65 நிமிடம் செய்து வரச் சொன்னார்கள். வயது, ஆண்-பெண், நோயின் கடுமை எல்லாம் ஒத்த வேறு 53 பேர் வழக்கமான மருந்தை மட்டும் சாப்பிட்டு வந்தார்கள். யோகம் செய்தவர்களுக்கு வாரத்தில் இழுப்பு வரும் தடவை குறைந்தது. மருந்தின் தேவையும் குறைந்தது. ஊதி அளந்த மூச்சின் வேகமும் கூடியது. 1985-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியாயிற்று.

பிற்பாடு 2016-இல், உலகெங்கும் நடந்த 15 சோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, யோகத்தால் நோய்க் குறிகளும் அன்றாட வாழ்வும் ஓரளவு சீர்படக்கூடும் என்றும், நுரையீரலின் திறன் கூடுகிறதா என்பதில் முடிவு ஒரே சீராக இல்லை என்றும் தெரிந்தது. நன்மை சிறிது, ஆனால் அது அளந்து பார்க்கப்பட்டது. யோகம் மருந்துக்குப் பதிலாக வருவதில்லை. மருந்தோடு சேர்ந்து வருகிறது.

வீட்டிலேயே அளக்கலாம்

ஆராய்ச்சிக்கூடம் எல்லாருக்கும் கிடைக்காது. ஆனால் 'பீக் ஃபுளோ மீட்டர்' என்ற சிறு குழல் பெரிய மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. மின்சாரம் வேண்டாம். நேராக நின்று, மூச்சை முழுவதும் இழுத்து, உதட்டை இறுக்கி வைத்து ஒரே மூச்சில் பலமாக ஊத வேண்டும். முள் ஓர் எண்ணில் நிற்கும். மூன்று முறை ஊதி, அதிகமான எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும் ஒரு நோட்டில் எழுதி வந்தால் போதும்.

உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் வரும் மிகச் சிறந்த எண்ணை நூறு என்று வைத்துக்கொண்டால், எண்பதுக்கு மேல் இருப்பது நல்ல நிலை. ஐம்பதுக்கும் எண்பதுக்கும் இடையில் வந்தால் எச்சரிக்கை; டாக்டர் சொன்னபடி மருந்தைக் கூட்ட வேண்டும். ஐம்பதுக்குக் கீழே போனால் உடனடி மருந்தை இழுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மனம் என்ன சொன்னாலும் இந்த எண் பொய் சொல்லாது. எந்த வைத்தியம் செய்தாலும், அதற்கு முன் ஒரு மாதமும் பின் மூன்று மாதமும் இப்படி எழுதி வந்தால், அது பலித்ததா இல்லையா என்று நோயாளியே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். அந்த நோட்டை டாக்டரிடம் காட்டினால் அவருக்கும் வேலை எளிதாகும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

நம்பிக்கையின் பேரில் போகிறவர்களை யாரும் கையைப் பிடித்து நிறுத்த முடியாது. போகிறவர்கள் இவற்றை மட்டும் மறக்க வேண்டாம்:

இன்ஹேலர் இரண்டும் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டியில் வைத்துப் பூட்டிவிடக் கூடாது.

வெயில், தூசி, நெரிசல், மணிக்கணக்கில் வரிசை ஆகியவை ஆஸ்துமாவுக்கு ஆகாதவை. சமீபத்தில் கடுமையாக இழுப்பு வந்தவர்கள், இருதய நோய் உள்ளவர்கள், கைக்குழந்தைகள் இந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

பத்தியம் எதுவாக இருந்தாலும், தடுப்பு மருந்தை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. குறைப்பதானால் டாக்டரிடம் கேட்டே குறைக்க வேண்டும்.

நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் போவது, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்குவது, உதடு நீலம் பாய்வது, இழுத்த மருந்து நாலு மணி நேரம்கூடத் தாங்காமல் போவது ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எந்த ஊரில் இருந்தாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பெங்களூரிலேயே ராஜீவ் காந்தி மார்பு நோய் நிலையம் என்ற அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. தனியாரிடம் போக வசதியில்லை என்பதற்காக யாரும் மருந்தை விட வேண்டியதில்லை.

மீன் விழுங்கியவர் ஒருவர் நலமாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் மகிழ்ச்சி அடையலாம். கூடவே ஒரு கேள்வியும் கேட்க வேண்டும்: "இன்ஹேலரை விட்டுவிட்டீர்களா, இன்னும் இழுக்கிறீர்களா?" பதிலைக் கேட்டுவிட்டு, அவரை ஒருமுறை அந்தச் சிறு குழலில் ஊதச் சொல்லுங்கள். அவருக்கும் அது நல்லது.